திண்டிவனத்தில் வேர்பிடித்த பெயர்

‘ஸ்கடர்’ என்பது 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போன ஆங்கிலேயக் குடும்பப் பெயர். அந்த வழியில் வந்த டாக்டர் ஜான் ஸ்கடர், 1819இல் கப்பலேறி இலங்கை வந்து யாழ்ப்பாணப் பகுதியில் வைத்தியம் பார்த்தார். 1836இல் சென்னைக்கு வந்தார். மகன்கள் ஏழு பேர் இந்தியாவில் மிஷனரிகள். பேத்தி ஐடாவுக்கோ இங்கே தங்க விருப்பமில்லை. நோயுற்ற தாயைக் கவனிக்கத்தான், விழுப்புரத்தை அடுத்த திண்டிவனத்துக்கு வந்தார்.

ஓர் இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றுமாறு அவரை அழைத்தார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. டாக்டரான அப்பாவை அழைத்துப்போக அவர்களுக்குச் சம்மதமில்லை, அவர் ஆண் என்பதால். மூன்று பெண்களும் இறந்தார்கள்.

அமெரிக்காவில் 1899இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய ஐடா, 1900இல் வேலூரில் ஒரே கட்டிலுடன் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் பெயர் நிற்கிறது: அந்த மருத்துவமனை இருக்கும் சாலை, ஐடா ஸ்கடர் சாலை.