ஆண்டெனா இருந்தால் போதுமா?

“அக்கா, பெட்டியில ரெண்டு ஆண்டெனா இருக்கு. ஆனா வைஃபை வரவே மாட்டேங்குது!”

காலை நிகழ்ச்சி முடிந்து கைப்பேசியைத் திறந்தால், கிள்ளானிலிருந்து ஒரு நேயரின் குரல் பதிவு. அவர் மனைவி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். அலுவலக லேப்டாப், பிள்ளைகளின் டேப்லெட், மலிவு விலைக் கேமரா எல்லாம் ஒரே வைஃபையில் இருப்பது அவருக்குப் பயம். அதனால் ஒரு மினி கணினி வாங்கி, ‘ஓபிஎன்சென்ஸ்’ என்ற இலவச ஃபயர்வாலைப் போட்டிருக்கிறார். கேபிளில் இணையம் வருகிறது. வைஃபை மட்டும் இல்லை. “திங்கட்கிழமை அவங்களுக்கு மீட்டிங். இதைத் தூக்கிப் போட்டுடவா?” என்கிறார்.

வேண்டாம். பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

‘பிஎஃப்சென்ஸ்’ 2004இல் தொடங்கியது. அதிலிருந்து 2015இல் பிரிந்து வந்தது ஓபிஎன்சென்ஸ். இரண்டுமே ‘ஃப்ரீபிஎஸ்டி’ என்ற இயங்குதளத்தின் மேல் ஓடுகின்றன. சிக்கல் அங்கேதான்.

வைஃபை கார்டுக்கு இரண்டு வேலை உண்டு: வாங்குவது, கொடுப்பது. லேப்டாப் வைஃபையை வாங்குகிறது, ரவுட்டர் கொடுக்கிறது. மினி கணினிகளில் பரவலாக இருக்கும் இன்டெல் கார்டுகளுக்கு ஃப்ரீபிஎஸ்டியில் உள்ள டிரைவர், வாங்கும் வேலையை மட்டுமே செய்யும். கொடுக்கும் வேலைக்கு அங்கே பேர் போனவை பழைய ஏதரோஸ் சிப் கார்டுகள். அவற்றைத் தேடிப் பிடித்தாலும் இன்றைய வேகம் கிடைக்காது.

ஆகவே காவலுக்கு ஒரு பெட்டி, வைஃபைக்கு ஒரு பெட்டி. இரண்டாவது பெட்டி பலர் வீட்டு அலமாரியில் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கும் பழைய ரவுட்டர்தான். அதில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் மூன்று வேலை: ஃபயர்வாலின் முகவரி 192.168.1.1 என்றால், ரவுட்டருக்கு 192.168.1.2 என்று மாற்றுங்கள். அதன் டிஎச்சிபியை நிறுத்துங்கள். ஃபயர்வாலிலிருந்து வரும் கேபிளை அதன் ‘லேன்’ துளையில் செருகுங்கள், ‘வேன்’ துளையில் அல்ல. திங்கட்கிழமை மீட்டிங் நடக்கும்.

ஆனால் இதோடு நிறுத்தினால் நேயரின் பயம் தீராது. கேமராவும் அலுவலக லேப்டாப்பும் இன்னும் ஒரே கூரையின் கீழ்தான். மினி கணினியில் இன்னொரு கேபிள் துளை காலியாக இருந்தால், அதற்கு வேறு முகவரி வரிசை கொடுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை இதே முறையில் மாட்டலாம். கேமராவும் டேப்லெட்டும் அதில் சேரட்டும். அந்தப் பக்கத்திலிருந்து லேப்டாப் பக்கம் வரக் கூடாது என்று ஃபயர்வாலில் ஒரு தடை விதி எழுதுங்கள். துளை இல்லையென்றால், ‘விலேன்’ வசதியுள்ள ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றே இரண்டு வைஃபை பெயர்களைத் தனித்தனியாகப் பிரித்துத் தரும்.

பழைய ரவுட்டரை எடுக்கும்போது அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு இன்னும் வருகிறதா என்று பாருங்கள். நின்றுபோயிருந்தால், ‘ஓபன்டபிள்யூஆர்டி’ அந்த மாடலை ஏற்கிறதா என்று தேடலாம். அது லினக்ஸில் ஓடுவது. வைஃபை கொடுப்பதில் கைதேர்ந்தது.

இனிமேல்தான் வாங்கப்போகிறீர்களா? லோயாட் பிளாசாவில் கடை ஏறும்போது ஆண்டெனாவை எண்ணாதீர்கள். உள்ளே இருக்கும் சிப்பின் பெயரைக் கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லையென்றால், வைஃபை இல்லாத மாடலையே எடுங்கள். மிச்சமாகும் ரிங்கிட்டை நல்ல ஆக்சஸ் பாயிண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.