காமன் கூத்துக்குப் புறப்படுமுன்

பொல்பிட்டியப் பகுதிப் பாடசாலையொன்றிற் கற்பிக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் கடிதம் எழுதியிருந்தார். தம் வகுப்பு மாணவ மாணவியரைத் தோட்டமொன்றில் நடைபெறும் காமன் கூத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறாராம். பஸ் பேசியாகிவிட்டது, கட்டுச்சோற்றுக்கும் ஏற்பாடாகிவிட்டது. வேறு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

நல்ல காரியம். ஆனால், நண்பரே, பஸ் பேசுவதற்கு முன்னர் பஞ்சாங்கத்தைப் பார்த்தீர்களா?

மாசி மாதத்தில் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று கம்பம் ஊன்றுவதும், பௌர்ணமியையொட்டிக் காமனை எரிப்பதும் வழக்கம். தோட்டத்துக்குத் தோட்டம் சிறு வேறுபாடு உண்டு. ஆகவே தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டே நாள் குறித்தல் வேண்டும். கூத்தின் உச்சம் இரவில் நிகழ்வது. பௌர்ணமி நமக்குப் போயா விடுமுறை என்பது ஒரு வசதி. மறுநாள் பாடசாலை உண்டா என்பதையும் அதிபரோடு கலந்து பேசுங்கள். பெற்றோரின் சம்மதம், மாணவியருக்குத் துணையாக ஆசிரியைகள், மலைக்குளிருக்குக் கம்பளிச் சட்டை, ஒற்றையடிப் பாதைக்கு டார்ச் விளக்கு ஆகியவை அவசியம். முடியுமாயின் கம்பம் ஊன்றும் நாளிலும் சில மாணவரை அனுப்புங்கள். தொடக்கத்தைக் கண்டவனுக்கே முடிவின் பொருள் விளங்கும்.

சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிவதும், ரதி புலம்பிக் கணவனை மீட்பதும் கதை. கோப்பிப் பயிருக்காகத் தமிழகத்திலிருந்து வந்த மக்கள் இக்கதையையும் தம்மோடு கொண்டுவந்தார்கள். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, கூத்து நிலைத்தது. இம்மக்களின் பாடல்களிற் பெரும்பகுதி ஏட்டில் ஏறாதது. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர் லயங்களில் வாழ்ந்த மக்களிடம் கேட்டுத் தொகுத்தவை நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். தொகுக்கப்படாதவை இன்னும் முதியோர் நெஞ்சிலேயே உள்ளன.

இனி, முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் இத்தகைய பிரயாணம் ஒன்றில் நானும் சென்றிருந்தேன். தப்பு முழங்கியது. அடித்தவர் ஒரு முதியவர். பழைய கோட்டு அணிந்திருந்தார். அவர் ஆடியாடி அடித்ததைக் கண்டு மாணவர் சிலர் சிரித்தனர். எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் கூட்டத்தில் இல்லை. தேடிச் சென்றபோது பஸ்ஸுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். “ஏன் தம்பி?” என்றேன். “தப்பு அடிப்பது என் தாத்தா, ஐயா” என்று சொல்லித் தலைகுனிந்தான்.

அன்று குற்றம் சிரித்த பிள்ளைகளுடையதன்று, எங்களுடையது. பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் திட்டமிட்ட நாங்கள் மரியாதைக்குத் திட்டமிடவில்லை. தப்புக்கும் அதை அடிப்பவருக்கும் சாதியின் பேரால் நம் சமூகம் சுமத்திய இழிவைப் பற்றி ஒரு வார்த்தையும் வகுப்பிற் பேசவில்லை.

ஆதலால் என் யோசனை இது. பிரயாணத்துக்கு ஒரு வாரம் முன்னதாகத் தப்படிப்பவர் ஒருவரையும் கூத்துப் பழக்கும் வாத்தியாரையும் பாடசாலைக்கு அழையுங்கள். நாற்காலி கொடுத்து அமரச் செய்யுங்கள். தோலை ஏன் தீயில் காய்ச்சுகிறார்கள், பாட்டை யாரிடம் கற்றார்கள், வேஷம் கட்டுவோர் ஏன் விரதம் இருக்கிறார்கள் என்று பிள்ளைகளே கேட்டுக் குறிப்பெடுக்கட்டும். மரபுக் கலைகளைக் காக்க யுனெஸ்கோ 2003இல் நிறைவேற்றிய உடன்படிக்கையும், அக்கலைக்குரிய மக்களின் பங்களிப்பை வற்புறுத்துகிறது. அதை நம் வகுப்பறையிலேயே தொடங்கலாம்.

திரும்பி வந்தபின் கட்டுரை எழுதச் சொல்லுவதோடு நில்லாதீர்கள். தஞ்சைப் பக்கத்தில் காமன் எரிந்தான் என ஒரு கட்சியும், எரியவில்லை என மற்றொரு கட்சியுமாக லாவணி பாடுவதுண்டு. அவ்வாறே வகுப்பைப் பிரித்து வாதாட விடுங்கள். நடுவராக யாரை அமர்த்தலாம் என்று நான் சொல்லவும் வேண்டுமோ? அந்தத் தாத்தாவைப் போன்ற ஒருவர் உங்கள் தோட்டத்திலும் இருப்பார். அவருடைய பேரன் அன்று பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கமாட்டான்.