எழுத்தைக் காப்போம்

காரைதீவில் ஆசிரிய நண்பர் ஒருவர், பல்லாண்டுகளுக்கு முன் தட்டெழுதி வைத்த தம் கட்டுரைகளைப் புதிய கணினியில் திறந்து திகைத்து நின்றார். தமிழ் இருந்த இடமெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்! கெட்டுப்போன கோப்பென்று அழிக்கவும் துணிந்தார். நான் தடுத்தேன்.

கெட்டது எதுவுமில்லை. நம்மவர் பெரிதும் கையாண்ட பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியெண்களின்மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்துவது. போர்வை இல்லாத கணினியில் உள்ளிருப்பது வெளிப்படுகிறது, அவ்வளவே. பாமினியை நிறுவியதும் தமிழ் மீண்டது. நண்பர் முகமும் மலர்ந்தது.

ஆனால் இது தற்காலிக மருந்தே. தமிழுக்கெனத் தனிக் குறியெண்களை யூனிகோடு 1991ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டது. பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியின் துணையால் யூனிகோடு ஆக்குக. மூலத்தோடு ஒப்புநோக்கிப் பிழை களைக. மூலத்தையும் அழியாது வைத்திருங்கள்.

இன்னுமொன்று: ஒரே அலுமாரியில் இருக்கும் இரண்டு பிரதிகள் உண்மையில் ஒன்றுதான். 2004 டிசம்பர் 26 அன்று இக்கரையில் ஏறிய கடல், நூலென்றும் பத்திரமென்றும் பார்க்கவில்லை. ஆகவே ஒரு பிரதி கண்டியிலுள்ள உறவினரிடமோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும்.

விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர் இது. விஞ்ஞானம் கற்ற அப்பெருமகனார், வழக்கொழிந்த யாழை ஆராய்ந்து 1947இல் ‘யாழ்நூல்’ தந்தார். மறைந்ததை அவர் மீட்டார். கையிலிருப்பதை நாம் இழக்கலாமா?