மன்றம் ஏறிய தாய்மொழி

வீட்டில் தாய்மொழி வழங்கினாற் போதும். அலுவல் எம்மொழியில் நடந்தால் என்ன என்று வினவுவார் உளர். அவ்வினாவிற்கு விடை, பிரித்தானியத் தீவின் மேலைக் கரையிலுள்ள வேல்சு நாட்டின் குவினெத்து மாவட்ட வரலாற்றில் தெளிவாகக் கிடைக்கின்றது.

பண்டு குவினெத்து ஒரு தனியரசு. அதன் தலைவன் இலிவெலின் 1282இல் ஆங்கிலப் படையால் வீழ்த்தப்பட்டான். வென்ற முதலாம் எட்வர்டு, 1284ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நிலத்தைக் கயர்நார்வன், மெரியோனெத்து, மோன் என மூன்று கோட்டங்களாகக் கூறுபடுத்தினான். நிலம் பறிபோயிற்று, நாவு பறிபோகவில்லை. அதனையும் பறிக்க வந்தது எட்டாம் என்றியின் 1536ஆம் ஆண்டு இணைப்புச் சட்டம். வழக்குமன்றங்களில் ஆங்கிலமே வழங்கல் வேண்டும். வேல்சு மொழியைக் கையாள்வார்க்கு அரசுப் பணி இல்லை என்றது அச்சட்டம். தன் மண்ணில், தன் வழக்கைத் தன் வாயாற் சொல்லவியலாத ஊமையானான் குடிமகன்.

1889இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டமன்றங்கள் தோன்றின. அதுவரை பெருநிலக்கிழார் கையிலிருந்த ஊராட்சி, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார் கைக்கு வந்தது. ஆள் மாறினான், ஆட்சியின் மொழி மாறவில்லை. தென்வேல்சின் இலங்கெனெக்கு ஊரில் நடந்தது இதற்குச் சான்று. 1952இல் அவ்வூர்ப் பீசிலி இணையர், தம் வரிச்சீட்டை வேல்சு மொழியில் தருமாறு கேட்டனர். மன்றம் மறுத்தது. அவர்கள் வரி செலுத்த மறுத்தனர். மீண்டும் மீண்டும் வழக்கு. வீட்டுப் பொருள்களை ஏவலர் எடுத்தேகினர். 1960இல்தான் இருமொழிச் சீட்டு வந்தது. ஒரு தாளுக்கு எட்டாண்டுப் போர்! மறுத்த மன்றத்து உறுப்பினரும் வேல்சு மொழி பேசுவோரே என்பதுதான் நெஞ்சைச் சுடுவது. அயலான் இட்ட தளையினும், அதனை அணியெனக் கருதும் அடிமை மனமே கொடிது.

1974இல் மூன்று கோட்டங்களின் பெரும்பகுதியும் கான்வி ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியும் இணைந்து ஒரே மாவட்டமாயின. அதற்குக் குவினெத்து என்னும் பழம்பெயரே மீண்டது. 1996இல் மோன் தீவும் கான்விப் பகுதியும் பிரிக்கப்பட்டன. எஞ்சிய மாவட்டத்திற்குச் சட்டம் சூட்டிய பெயர் கயர்நார்வனும் மெரியோனெத்தும் கூடியதே. அதனைத் தள்ளிக் குவினெத்து என்னும் பெயரையே மன்றம் ஏற்றது. கயர்நார்வன் நகரிலுள்ள அதன் அலுவலகத்தில் உள்ளலுவல் மொழி வேல்சு மொழியே. கூட்டத்திலும் உறுப்பினர் அம்மொழியிற் பேசுவர். அறியாதார்க்கு ஆங்கில மொழிபெயர்ப்பு செவியில் ஒலிக்கும். முன்னர் எவர்க்குக் கதவு அடைத்ததோ, அவர் மொழியே இன்று இருக்கையில் அமர்ந்துள்ளது. பிறர்க்கோ கதவு அடைக்கப்படவில்லை. நயன்மை என்பது இது.

எனினும் மகிழ்ந்திருக்க இடமில்லை. குவினெத்தில் வேல்சு மொழி அறிந்தோர் 2001இல் 69.0 விழுக்காடு, 2011இல் 65.4, 2021இல் 64.4. நாடு முழுவதற்கும் 2021இல் 17.8 விழுக்காடே என்பதை நோக்க இஃது உயர்வே. ஆயினும் தேய்வு தேய்வே. மொழி ஆட்சியேறியும் தேய்வானேன்? மொழியைத் தாங்குவது தாள் அன்று, ஆள். பிழைப்புத் தேடி இளையோர் வெளியேறுகின்றனர். கடற்கரை ஊர்களின் வீடுகளை வெளியூர்ச் செல்வர் ஓய்வுமனைகளாக வாங்க, உள்ளூரார்க்கு எட்டாத உயரத்திற்கு விலை ஏறுகின்றது. ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீட்டில் எந்தக் குழந்தை எம்மொழியைப் பேசும்? இதனை உணர்ந்தே மன்றம், இரண்டாம் வீடுகள் மேல் 100 விழுக்காடாக இருந்த கூடுதல் வரியை 2023இல் 150 விழுக்காடாக உயர்த்தியது.

அலுவலில் இடம் பெறாத மொழி மதிப்பிழக்கும்; அலுவலில் மட்டும் இடம் பெற்ற மொழி உயிரிழக்கும். மன்றத்தில் இருக்கையும், இளையோர்க்கு வேலையும், குடியிருக்க மனையும் ஒருங்கே வாய்த்தாலன்றி ஒரு மொழி நிலைபெறாது. 1536இல் அடைபட்ட கதவைத் திறந்தனர் அம்மக்கள். திறந்த வீட்டில் குடியிருக்கத் தம் மக்கள் வேண்டும் என்பதே அவர்தம் இன்றைய போராட்டம். மொழியைக் காக்க எண்ணுவார் அனைவர்க்கும் அஃது எச்சரிக்கையுமாம், ஊக்கமுமாம்.