அரக்கனுக்கு யார் முகம்?

புராணக் கதைகளுக்கும் மாயக் கதைகளுக்கும் உருவந் தீட்டும் ஓவியரிடம் கேட்க ஒரு வினா உண்டு: உங்கள் அரக்கனின் முகத்தை எங்கிருந்து பெற்றீர்கள்?

“கற்பனையிலிருந்து” என்பது விடையாகாது. வெறுமையிலிருந்து எவ்வுருவமும் பிறப்பதில்லை. இல்லாத விலங்கொன்றை உயிருள்ளதுபோலத் தீட்ட விரும்புவோன், உள்ள விலங்குகளின் உறுப்புக்களையே தேர்ந்து இணைத்தல் வேண்டுமென லியொனார்டோ டா வின்சி தம் குறிப்புக்களிலே எழுதிவைத்தார். ஆகவே கற்பனை என்பது தெரிவு. தெரிவு உள்ள இடத்திலே தெரிவோனின் சமூக நோக்கும் உண்டு.

நம்மவரின் தெரிவு யாது? தேவருக்கு வெளிறிய மேனி, கூரிய நாசி, பட்டாடை. அரக்கருக்குக் கருமேனி, தடித்த உதடு, பருத்த தோள். வயலிலும் கடலிலும் தேயிலைத் தோட்டத்திலும் வெயிலிற் காய்ந்து உழைக்கும் மக்களின் உடலே தீமையின் சின்னமாக்கப்பட்டுவிட்டது! ரவிவர்மா 1894இல் பம்பாயிலே நிறுவிய அச்சகத்தின் வண்ணப் படங்கள், ஐரோப்பிய எண்ணெய்வண்ண மரபிலே தீட்டப்பட்ட தேவமாதரை வீடுகள்தோறும் கொண்டு சேர்த்தன. 1967இல் தோன்றிய அமர் சித்திரக் கதை இதழ்களிலும் அசுரர் பெரிதும் கருமேனியராகவே காட்சி தந்தனர். இன்றைய ஓவியன் கணினித் திரையிலே நூற்றுக்கணக்கான படங்களை மாதிரியாகத் திரட்டுகிறான். அவற்றுட் பல இத்தகைய படங்களின் பிரதிகளும், அப்பிரதிகளின் பிரதிகளுமே.

“மரபு அப்படி” என வாதிப்போர் உளர். எந்த மரபு? இராமனும் கண்ணனும் கரியர் என்பதன்றோ இலக்கிய மரபு? அவர்தம் கருமையை நீலமாக்கிய தூரிகை, அரக்கனின் கருமையை மட்டும் விட்டுவைத்தது ஏன்?

வேறு மரபுகள் இந்நாட்டிலேயே உள. சிங்கள மக்களின் பதினெட்டுச் சன்னிச் சடங்கிலே பேயின் முகம் நோயின் முகமாகும். அங்கே அச்சத்திற்கு வடிவந் தந்தது அயலவனின் தோலன்று. மனிதனை வருத்தும் பிணியே. மட்டக்களப்பு வடமோடிக் கூத்திலே அரசர் அணியும் கரப்புடுப்பு, உழைப்பாளியின் கரப்புக் கூடையை நினைவூட்டுவது. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேடையேற்றிய ‘இராவணேசன்’, அரக்கர்கோனை அவலநாயகனாக உயர்த்திக் காட்டிற்று. இவற்றை நேரிற் சென்று கண்டு, வரைந்து பழகிய ஓவியர் எத்தனை பேர்?

இது கலைஞரோடு மட்டும் முடியும் விவகாரமன்று. பாடசாலை நாடகங்களிலே வேடம் பகிரும்போது, கரிய பிள்ளைக்கு அரக்கன் வேடமும் சிவந்த பிள்ளைக்குத் தேவதை வேடமும் கேள்வியின்றியே வழங்கப்படுகின்றன. படம் கற்பித்த பாடத்தை ஆசிரியர் நிறைவேற்றுகிறார்; பிள்ளையோ அதனை வாழ்நாள் முழுதும் சுமக்கிறது.

ஓவியர்களே, சந்தைக்கும் துறைமுகத்திற்கும் கூத்துக் களரிக்கும் குறிப்பேட்டோடு செல்லுங்கள். ஆங்கு காணும் கரிய முகங்களிலே உங்கள் வீரனையும் தேவதையையும் தேடுங்கள். அரக்கனுக்கு மாதிரி வேண்டுமாயின் பசியையும் வட்டியையும் ஆதிக்கத்தையும் உற்று நோக்குங்கள். அவற்றுக்கு உருவந் தருவதே கற்பனையின் கடன்.