நாயின் கட்டுப்படாத சிறுநீர்: தண்டனையா, சிகிச்சையா?

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளருக்கென அமைந்த லைன் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் அங்கே குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. இத்தகைய சிறு வீட்டில் வளரும் நாய் படுத்த இடத்தை நனைக்குமாயின், அது வீட்டார் அனைவருக்கும் தொல்லையாகிவிடும். அடிப்பது, குடிநீரை நிறுத்துவது, தெருவில் விட்டுவிடுவது என்பனவே பலர் நாடும் பரிகாரங்கள். இம்மூன்றும் தவறானவை.

பகலில் ஒழுங்காக வெளியே சென்று சிறுநீர் கழிக்கும் நாய், உறக்கத்தில் தானறியாமல் கசியவிடுவது குறும்பன்று, நோயேயாகும். கருத்தடைக்காகச் சினைப்பை அகற்றப்பட்ட பெண்நாய்களில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. எஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால், சிறுநீர் வழியை இறுக்கிப் பிடிக்கும் தசை தளர்கிறது. அறுவைக்குச் சில மாதங்கள் கழித்தோ, சில ஆண்டுகள் கழித்தோ இது தோன்றலாம். 20 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள நாய்களுக்கு வாய்ப்பு அதிகம்.

ஆயினும் கசிவு யாவும் இவ்வகையைச் சேர்ந்ததன்று. ஆகவே மருந்துக்கு முன் ஆராய்ச்சி வேண்டும். முதலில், நாய் அருந்தும் நீரை அளக்க வேண்டும். 10 கிலோ எடையுள்ள நாய் நாளொன்றுக்கு 1 லிட்டருக்கு மேல் குடிக்குமாயின், நீரிழிவு, சிறுநீரக நோய் முதலியவற்றை ஐயுற வேண்டும். இந்நிலையில் நீரை நிறுத்துவது உயிருக்கே கேடாகும். அடிக்கடி சிறிது சிறிதாகக் கழித்தால் மூத்திரப்பை அழற்சி இருக்கலாம். குட்டிப் பருவம் முதலே ஓயாது கசிந்தால், சிறுநீர்க்குழாய் பிறவியிலேயே இடம் மாறி அமைந்திருக்கலாம். பின்னங்கால் தள்ளாடினால் முதுகுத்தண்டைச் சோதிக்க வேண்டும். முக்கியும் சிறுநீர் வாராவிடின் அது அடைப்பு. சிறிதும் தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

தசைத் தளர்ச்சி என உறுதியானபின், ஃபினைல்புரோப்பனோலமின் அல்லது எஸ்ட்ரியால் என்னும் மருந்தால் பெரும்பாலான நாய்கள் குணம் காண்கின்றன. பெரும்பாலும் மருந்தைத் தொடர்ந்து கொடுத்துவர நேரும். முன்னது இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியதாதலின், கால்நடை மருத்துவரின் மேற்பார்வை இன்றியமையாதது.

இந்நோயைக் காட்டிக் கருத்தடையையே எதிர்ப்பது பொருந்தாது. தெருநாய்ப் பெருக்கத்தைத் தடுக்க 2001-லும் 2023-லும் மத்திய அரசு வகுத்த விதிகள் அதனையே வழியாகக் கொண்டன. கருப்பையில் சீழ் பிடித்தல் என்னும் கொடிய நோயினின்றும் அது நாயைக் காக்கிறது. ஆனால் பின்னர் நேரக்கூடியதை உரிமையாளருக்கு முன்கூட்டியே உரைப்பது களப்பணியாளரின் கடமை. சொல்லாது விட்டால், அறுவை செய்வித்த நாயே தெருநாயாகித் திட்டத்தின் நோக்கம் சிதையும்.

ஆசிரியர்கள் மாணவருக்கு இரண்டு செய்திகளைப் புகட்டலாம். நாயின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடுமாதலால், நனைந்த இடத்தைக் கழுவியபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும் என்பது ஒன்று. பிணியுற்ற பிராணியை அடித்துத் திருத்த இயலாது என்பது மற்றொன்று.