ஆப்பரேட்டருக்குத்தான் முதலில் வேண்டும்

‘பசுமைத் திறன் எல்லாம் சூழலியல் பொறியாளர்களின் வேலை, ரசாயன ஆலை ஆப்பரேட்டருக்கு வால்வைத் திறக்கவும் மூடவும் தெரிந்தால் போதும்’ என்று வாதிடுகிறவர்கள் விசாகப்பட்டினத்தை மறந்துவிட்டார்கள்.

2020 மே 7 விடியற்காலையில் அங்குள்ள எல்ஜி பாலிமர்ஸ் ஆலையிலிருந்து கசிந்த ஸ்டைரீன் ஆவி 12 பேரைக் கொன்றது. ஸ்டைரீன் தேங்கிக் கிடந்தால் தானாகவே பாலிமராகும். அதில் வெப்பம் பிறக்கும். வெப்பம் ஏற ஏற வினை இன்னும் வேகம் பிடிக்கும். அதைத் தடுக்க டி.பி.சி. என்ற வேதிப்பொருளைக் கலந்து, தொட்டியையும் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். கொரோனா ஊரடங்கில் இரண்டுமே சரியாக நடக்கவில்லை. வெப்பநிலை தொட்டியின் அடியில் மட்டுமே அளக்கப்பட்டது. மேலே சூடேறியது தெரியவில்லை. ஆந்திர அரசின் உயர்நிலைக் குழுவே இதைப் பதிவு செய்திருக்கிறது.

அளவியைப் பார்ப்பவர் ஆப்பரேட்டர்தான். எண்ணைக் குறித்து வைப்பவருக்கு அது சொல்லும் ஆபத்தும் புரிய வேண்டாமா? கரைப்பான் எவ்வளவு ஆவியாகிறது, தொட்டி கழுவிய நீர் எங்கே போகிறது என்பதும் அவருடைய ஷிப்டில்தான் முடிவாகிறது. இதையெல்லாம் புரிந்து செயல்படுவதுதான் பசுமைத் திறன்.

இதற்கான பயிற்சிக்குச் செலவாகும் என்பார்கள். விபத்துக்கு மறுநாளே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்நிறுவனத்தை 50 கோடி ரூபாய் கட்டச் சொன்னது.

ஐ.டி.ஐ.களில் ரசாயன ஆலை ஆப்பரேட்டர் பயிற்சி நடத்துவோர் இந்தப் பசுமைத் திறனைச் செய்முறைத் தேர்விலேயே சேர்க்க வேண்டும்.